எட்டு கோர் இருக்கு... ஏன் ஒண்ணு மட்டும் ஓடுது?

பொங்கல் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியைக் கொஞ்சம் கற்பனை பண்ணுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒலக்கூர் இருக்கிறதே, அது ரெண்டு டோல்கேட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். தெற்கே விக்கிரவாண்டி, வடக்கே அச்சிறுப்பாக்கம் பக்கத்தில் ஆத்தூர். திருச்சி, மதுரை, நெல்லை வண்டி எல்லாம் இந்த வழியாகத்தான் போயாகணும்.

டோலில் எட்டு பூத் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டிலும் ஆள் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் எல்லா வண்டியையும் முதல் பூத்துக்கே அனுப்புகிறார்கள். மீதி ஏழு பேரும் சும்மா உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். வண்டி வரிசை ஒலக்கூரைத் தாண்டித் திண்டிவனம் வரைக்கும் நிற்கிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்? "எவன்டா இதுக்கு மேனேஜர்?" என்று கேட்பீர்கள் இல்லையா!

அதே கேள்வியை ஒரு சர்வரைப் பார்த்தும் கேட்கலாம். எட்டு கோர், பதினாறு கோர் என்று காசு கொட்டி வாங்கி வைத்த சர்வர். ஆனால் நெட்வொர்க்கில் இருந்து வரும் டேட்டா மொத்தத்தையும் ஒரே ஒரு கோர் வாங்கிக்கொண்டு மூச்சுத் திணறும். மீதி எல்லாம் ஹாயாக இருக்கும். இது கற்பனை இல்லை பாஸ். உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகளிலேயே நடந்த கதை. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எப்படி சரி செய்தார்கள் என்பதுதான் இந்த வாரம்.

நமக்கென்ன பாஸ்?

"நான் மெக்கானிக்கல், எனக்கெதுக்கு இது?" என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் சீட்டே இதற்குள்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் இன்ஜினீயரிங் கவுன்சலிங் என்றால் அப்பாவோ மாமாவோ கூட வர, பஸ் ஏறி கிண்டிக்குப் போய் உட்காரணும். 2018-ல் இருந்து தமிழ்நாடு இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஆன்லைனுக்கு வந்துவிட்டது. க்யூ ஒழிந்துவிட்டதா என்ன? இல்லை. க்யூ கிண்டியில் இருந்து சர்வருக்குள் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ப்ளஸ் டூ ரிசல்ட், ஸ்காலர்ஷிப் ஃபார்ம், தத்கல் டிக்கெட் எல்லாமே இப்படித்தான்.

தத்கல் கணக்கைப் பாருங்கள். ஏ.சி. வகுப்புக்கு காலை 10 மணி, ஏ.சி. இல்லாத வகுப்புக்கு 11 மணி. மணி அடித்த அடுத்த நொடியே நாடு முழுக்க இருந்து எல்லோரும் பட்டனை அமுக்குவார்கள். 2014-ல் ஐ.ஆர்.சி.டி.சி. புது சிஸ்டத்துக்கு மாறியபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. ஒரே நேரத்தில் 40,000 பேர் உள்ளே இருக்கலாம் என்பது 1,20,000 ஆனது. இது ஒரே ஒரு மந்திரத்தால் வந்ததில்லை. புது சர்வர், புது சாஃப்ட்வேர் எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனால் எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும், வாசலில் ஒரே ஒரு ஆள் டோக்கன் கொடுத்தால் உள்ளே கூட்டம் நகருமா?

இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. சர்வர் வாசலில் இடம் இல்லாவிட்டால் வருகிற பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். உங்கள் கனெக்‌ஷனின் முதல் பாக்கெட் தொலைந்துவிட்டால், உங்கள் போன் சுமார் 1 வினாடி காத்திருந்து மறுபடி அனுப்பும். அதுவும் போச்சென்றால் 2 வினாடி, அப்புறம் 4 வினாடி என்று காத்திருப்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். மூன்று தடவை தொலைந்தால் 7 வினாடி காலி! சென்னையில் ஃபைபர் கனெக்‌ஷனில் உட்கார்ந்திருப்பவருக்கும் இந்த அடி விழும். ஆனால் டவர் ரெண்டு கோடு மட்டும் காட்டும் ஊரில் இருந்து முயற்சி செய்பவருக்குப் பாக்கெட் வழியிலேயே தொலையும், வாசலிலும் தொலையும். டபுள் அடி. தத்கலில் 7 வினாடி என்றால் வெயிட்டிங் லிஸ்ட் என்று அர்த்தம்!

காலிங் பெல் தொல்லை

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஒரு பாக்கெட் நெட்வொர்க் கார்டுக்கு வந்து சேர்ந்ததும், கார்டு அதை நேராக மெமரியில் ஒரு வட்ட வரிசையில் எழுதி வைக்கும். பிறகு "சரக்கு வந்திருக்கு" என்று ப்ராசஸருக்கு ஒரு சிக்னல் தரும். இதற்குப் பேர்தான் இன்ட்டரப்ட். ப்ராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து பார்க்கணும்.

தீபாவளி அன்று அம்மா அடுப்பில் முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடிக்கிற மாதிரி. ஒரு தடவை என்றால் ஓகே. நிமிஷத்துக்கு நாற்பது தடவை அடித்தால்? அம்மா வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் ஓடிக்கொண்டே இருப்பார். ஒரு முறுக்குகூட வேகாது!

சர்வருக்கும் இதே கதிதான். 1996-ல் ஜெஃப்ரி மொகல், கே.கே.ராமகிருஷ்ணன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இதில் ராமகிருஷ்ணன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். பாக்கெட் வரும் வேகம் ஒரு அளவைத் தாண்டிவிட்டால், சிஸ்டம் இன்ட்டரப்டுக்கு பதில் சொல்வதிலேயே முழு நேரத்தையும் செலவழிக்கும். உருப்படியான வேலை எதுவும் நடக்காது என்று காட்டினார்கள். சிஸ்டம் செத்துப்போகவில்லை, பம்பரமாகச் சுழல்கிறது. ஆனால் வேலை பூஜ்யம். இதற்கு அவர்கள் பயன்படுத்திய பேர் 'ரிசீவ் லைவ்லாக்'.

தீர்வு என்ன? முதல் பெல் அடித்ததும் பெல் சுவிட்சை அணைத்துவிடு. வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை பேரையும் ஒரே மூச்சில் உள்ளே கூப்பிடு. வாசல் காலியானதும் மறுபடி சுவிட்சைப் போடு. லினக்ஸில் இந்த வழிக்கு 'நாப்பி' என்று பேர். ஒரு சுற்றுக்கு வழக்கமாக 64 பாக்கெட் வரை எடுக்கும். இட்லியை ஒவ்வொன்றாகவா அவிக்கிறோம்? தட்டு தட்டாகத்தானே! அதே லாஜிக்தான்.

67 நானோ செகண்ட்

கொஞ்சம் கணக்கு போடுவோமா? பயப்படாதீங்க, ப்ளஸ் டூ லெவல்தான்.

நெட்வொர்க் வேகம் விநாடிக்கு 10 கிகாபிட். ஈதர்நெட்டில் மிகச் சின்ன ஃப்ரேம் 64 பைட். அதோடு இடைவெளி, தொடக்க சிக்னல் எல்லாம் சேர்ந்து 20 பைட். மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். 1,000 கோடியை 672-ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 1.488 கோடி பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ செகண்ட்!

3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு இது வெறும் 200 சைக்கிள். கேஷில் இல்லாத ஒரு தகவலை ராமில் இருந்து எடுத்து வரவே சுமார் 100 நானோ செகண்ட் ஆகும். அதாவது ஒரே ஒரு தடவை ராமுக்கு ஓடினாலே பட்ஜெட் காலி. ஒரு கோர் தனியாக இதைச் சமாளிக்கவே முடியாது என்பது இப்போது புரிகிறதா?

"வேகமான கோர் வாங்கிக்கலாமே" என்கிறீர்களா? அந்தக் கதவு 2004 வாக்கிலேயே மூடிவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டு வருவதாக இருந்த இன்டெல், சூடு தாங்காமல் அந்த ஆண்டு திட்டத்தையே கைவிட்டது. 2005-ல் இரண்டு கோர் கொண்ட பென்டியம் டி வந்தது. அதிலிருந்து வேகத்தைவிட எண்ணிக்கைதான் ஏறுகிறது. ஆக, இருக்கும் கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன்!

ஃபேஸ்புக்கில் நடந்த கூத்து

2008 டிசம்பரில் ஃபேஸ்புக் இன்ஜினீயர்கள் தங்கள் 'மெம்கேஷ்டி' சர்வர்களைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்கள். அடிக்கடி தேவைப்படும் தகவலை மெமரியிலேயே வைத்துச் சட்டென்று தரும் சாஃப்ட்வேர் அது. எட்டு கோர் மெஷினில் போட்டுப் பார்த்தால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. தோண்டிப் பார்த்தால், நம்ம டோல்கேட் கதை! நெட்வொர்க் இன்ட்டரப்ட் வேலை மொத்தமும் ஒரே கோரின் தலையில். அந்த ஒன்று மட்டும் நூறு சதவிகிதத்தில் முட்டி நிற்க, மற்றவை காத்துக்கொண்டிருந்தன.

இன்னொரு வில்லனும் மாட்டினான். பல த்ரெட்கள் ஒரே ஒரு யு.டி.பி. சாக்கெட் வழியாகப் பதில் அனுப்பின. சாக்கெட்டுக்கு ஒரு பூட்டு. ஒருத்தர் சாவி வைத்திருந்தால் மற்றவர்கள் வெளியே நிற்கணும். ஹாஸ்டலில் நாற்பது பேருக்கு ஒரே பாத்ரூம் என்றால் காலை எட்டு மணிக்கு என்ன ஆகும்? அதே!

அவர்கள் என்ன செய்தார்கள்? இன்ட்டரப்ட் வேலையைப் பகிர்ந்தார்கள், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி சாக்கெட் கொடுத்தார்கள், எண்ணிக்கை கணக்கு வைக்கும் பொதுப் பூட்டையும் எடுத்தார்கள். விநாடிக்குச் சுமார் 50,000 கோரிக்கை என்றிருந்தது 2,00,000 ஆனது. புது மெஷின் வாங்கவில்லை. இருந்த மெஷினிலேயே நான்கு மடங்கு!

எல்லா பூத்தையும் திற!

சரி, எப்படிப் பிரிப்பது? "வர்ற பாக்கெட்டை ஒண்ணாவது கோருக்கு ஒண்ணு, ரெண்டாவதுக்கு ஒண்ணுன்னு வரிசையா போட வேண்டியதுதானே?" இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். தப்பு!

நீங்கள் டவுன்லோடு பண்ணும் ஒரு ஃபைல் நூற்றுக்கணக்கான பாக்கெட்டாக வரும். அதை வேறு வேறு கோருக்குக் கொடுத்தால், 5-வது பாக்கெட் 2-வதுக்கு முன்னாடி வந்து நிற்கும். டி.சி.பி. என்ன நினைக்கும்? நடுவில் ஏதோ தொலைந்துவிட்டது என்று. "எனக்கு 2 வரலை" என்று மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொல்லும். அனுப்பியவர் பயந்துபோய் மறுபடி அனுப்புவார், வேகத்தையும் குறைப்பார். தொலையாத பாக்கெட்டுக்கு ஒப்பாரி!

அதனால்தான் 'ஆர்.எஸ்.எஸ்.' என்ற வழி வந்தது. அனுப்புபவரின் ஐ.பி., பெறுபவரின் ஐ.பி., இரண்டு பக்க போர்ட் எண்கள் ஆகிய நான்கையும் சேர்த்து, நெட்வொர்க் கார்டே ஒரு ஹாஷ் கணக்கு போடும். அந்த விடையை வைத்து ஒரு அட்டவணையைப் பார்க்கும். எந்த க்யூ, எந்த கோர் என்று அதில் இருக்கும். ஒரே கனெக்‌ஷனின் பாக்கெட்டுக்கு எப்போதும் ஒரே விடைதான் வரும். அதனால் ஒரே கோருக்குத்தான் போகும். வரிசை மாறாது. வேறு வேறு கனெக்‌ஷன்கள் வேறு வேறு கோருக்குப் பிரிந்துவிடும். டோலில் வண்டி நம்பரின் கடைசி எண்ணைப் பார்த்து பூத் ஒதுக்குகிற மாதிரி.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரே ஒரு கனெக்‌ஷன் மட்டும் பூதாகாரமாக டேட்டா அனுப்பினால் அதைப் பிரிக்க முடியாது. நாற்பது வேன் கல்யாண வீட்டுக்காரர்கள் "நாங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணாத்தான் போவோம்" என்றால் எட்டு பூத் இருந்தும் ஒன்றில்தான் நிற்கணும். இப்படிப்பட்டதை இன்ஜினீயர்கள் 'யானை ஃப்ளோ' என்றே கூப்பிடுகிறார்கள்!

பழைய கார்டு, ஒரே க்யூதான் இருக்கிறது என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. கூகுளில் இருந்த டாம் ஹெர்பர்ட் எழுதிய 'ஆர்.பி.எஸ்.' 2010-ல் லினக்ஸ் 2.6.35-ல் சேர்ந்தது. கார்டு செய்யாத பங்கீட்டை சாஃப்ட்வேரே செய்யும். கூடவே வந்த 'ஆர்.எஃப்.எஸ்.' இன்னும் ஸ்மார்ட். அந்த டேட்டாவைப் பயன்படுத்தப்போகும் அப்ளிகேஷன் எந்த கோரில் ஓடுகிறதோ, அதே கோருக்கு பாக்கெட்டை அனுப்பும். ஏன்? ஒரு கோர் தொட்ட தகவல் அதன் கேஷில் சூடாக இருக்கும். வேறு கோருக்குப் போனால் ஆறிப்போகும், மறுபடி எடுத்து வரணும். சமைத்தவர் பக்கத்திலேயே பந்தி போட்டால் சாம்பார் சூடாக இருக்கும் இல்லையா?

வெங்கி என்றொரு ஆள்

பூத்தை அதிகமாக்குவது ஒரு வழி. ஒரு வண்டிக்கு ஆகும் நேரத்தையே குறைப்பது இன்னொரு வழி. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது பூத் கூடவில்லை; சில்லறை தேடும் நேரம்தான் குறைந்தது.

நெட்வொர்க்கில் அப்படிச் செய்தவர் இன்டெல் இன்ஜினீயர் வெங்கி வெங்கடேசன். 'டி.பி.டி.கே.வின் தந்தை' என்றே அவரைக் கூப்பிடுகிறார்கள். 2010-ல் வந்த டி.பி.டி.கே.வின் ஐடியா தைரியமானது. "ஆபரேட்டிங் சிஸ்டம் நடுவில் எதுக்கு? அப்ளிகேஷனே நேரா நெட்வொர்க் கார்டிடம் பேசட்டும்!" இன்ட்டரப்டே கிடையாது. ஒரு கோரை இதற்கென்றே ஒதுக்கி, அது கண் கொட்டாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். பாக்கெட்டை ஒவ்வொன்றாக இல்லாமல் கட்டுக் கட்டாக அள்ளும். 2017-ல் இந்தத் திட்டம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. வெங்கி 2018-ல் புற்றுநோயால் காலமானார்.

ஆனால் ஓசியில் எதுவும் கிடைக்காது. பாக்கெட்டே வராத நடுராத்திரியிலும் அந்த கோர் நூறு சதவிகிதம் ஓடும். கரன்ட் பில் யார் கட்டுவது? லினக்ஸ் இத்தனை வருஷம் சேர்த்துவைத்த ஃபயர்வால் மாதிரி வசதிகளையும் நாமே மறுபடி எழுதணும். அதனால் 2016-ல் லினக்ஸ் 4.8-ல் 'எக்ஸ்.டி.பி.' என்ற நடுவழி வந்தது. கெர்னலை விட்டு வெளியே போகாமல், பாக்கெட் உள்ளே நுழைந்த உடனேயே நம்ம சின்ன ப்ரோக்ராம் அதைப் பார்த்து "உள்ளே விடு, தூக்கிப் போடு, திருப்பி அனுப்பு" என்று முடிவு செய்யும்.

கோர் போட்டா போதுமா?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 1967-ல் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு இது. உங்கள் வேலையில் பத்து சதவிகிதம் மட்டும் பிரிக்கவே முடியாத பகுதி என்று வையுங்கள். 16 கோர் போட்டால் வேகம் 16 மடங்கு ஆகுமா? ஆகாது. 6.4 மடங்குதான்! ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டவே தாண்டாது. அந்தப் பத்து சதவிகிதம் எது? பெரும்பாலும் ஒரு பூட்டு, ஒரு பொது கவுன்ட்டர், ஒரு ஒற்றை க்யூ. கோர் வாங்கும் முன் அதைத் தேடுங்கள்.

பாக்ஸ்: லேப்ல செய்து பாருங்க!

* லினக்ஸ் மெஷினில் 'டாப்' கமாண்ட் கொடுத்து, கீபோர்டில் 1-ஐ அமுக்குங்கள். ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும். 'எஸ்.ஐ.' என்ற எண் ஒரே கோரில் மட்டும் எகிறினால், திருடன் மாட்டினான்!

* 'ப்ராக்' டைரக்டரியில் 'இன்ட்டரப்ட்ஸ்' என்ற ஃபைலைத் திறங்கள். நெட்வொர்க் கார்டின் வரிசையில் எந்த கோருக்கு எத்தனை இன்ட்டரப்ட் என்று பட்டியல் இருக்கும்.

* இரண்டு மெஷினை கேபிளில் இணைத்து 'ஐபெர்ஃப்3' ஓட்டுங்கள். முதலில் ஒரு கனெக்‌ஷன், பிறகு எட்டு. இரண்டிலும் கோர்கள் எப்படி ஓடுகின்றன என்று குறித்து வையுங்கள்.

* ஒரே க்யூ உள்ள கார்டு என்றால் ஆர்.பி.எஸ்.ஸை ஆன் செய்து, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். முன், பின் என இரண்டு கிராஃப் போட்டால் மினி ப்ராஜெக்ட் ரெடி!

இதற்கு லட்சக்கணக்கில் செலவழித்த லேப் தேவையில்லை. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ உங்கள் காலேஜில் இருக்கும் இரண்டு பழைய நாலு கோர் மெஷின் போதும். சாஃப்ட்வேர் எல்லாமே இலவசம். ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவில் "மல்டி கோர் தெரியும்" என்று எல்லோரும் சொல்வார்கள். "சார், எங்க லேப்ல ஒரு கோர் மட்டும் முட்டிக்கிட்டு நின்னுச்சு, நான் பிரிச்சு விட்டேன், இதோ கிராஃப்" என்று சொல்பவர் எத்தனை பேர்?

அடுத்த தடவை ஏதாவது ஒரு சைட் சுற்றிச் சுற்றி நின்றால், "சர்வர் சின்னது போல" என்று சொல்லிவிட்டு ரீஃப்ரெஷ் மேல் ரீஃப்ரெஷ் அடிக்காதீர்கள். ஒவ்வொரு ரீஃப்ரெஷும் அந்த ஒற்றை பூத் வாசலில் இன்னொரு வண்டி! சர்வர் பெரியதாகவே இருக்கலாம். பங்கு போடத்தான் தெரியாமல் இருக்கலாம். அதைச் சரி செய்ய வேண்டிய ஆள், இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்.

என்ன, லேப் சாவி வாங்கக் கிளம்பியாச்சா?